பிரேக் தொட்டவனுக்கு முன் சீட்டு

போன வாரம் பதுளையில் ஒரு கராஜில் மருமகனுக்காகக் காத்திருந்தேன். அங்கே சில இளைஞர்கள் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வேலைக்கு அல்ல, ஆசைக்கு. புதுப் பெயிண்ட், புது டயர், வெளிநாட்டுச் சாமான் பெட்டி பெட்டியாக. ஒருவன் சீல் வைத்த போத்தலைத் திறந்து பிரேக் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, "ஐயா, நீங்க தோட்டத்துல ஜீப் ஓட்டுனவராமே. அந்தக் காலத்துல இதெல்லாம் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டான்.

"வாங்கல தம்பி. லயம் லயமா கரண்டியில சேத்தோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மருமகன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் எங்கேயோ போய்விட்டது. பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட இப்போதெல்லாம் அந்த ரோடுதான் வருகிறது. பனிக்குள் போகிறது ரோடு. ஜீப் சத்தமே இல்லாமல் மிதந்து போகிறது. காலுக்கடியில் பிரேக் இருக்கிறதா என்று தேடுகிறேன், விழிப்பு வந்துவிடுகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைப் பக்கம். வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருந்தோம். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், விறகு அடுக்கினேன். பிறகு லொறியில் கிளீனராக ஏறினேன், லைசென்ஸ் எடுத்தேன், ஜீப்புக்கு வந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜீப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிய வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கதவு கிடையாது. தோட்டத்துக்கு வரும்போதே அதற்கு அரைக் கிழவன் வயது. பின்பக்கத்தை அறுத்து, தேயிலைப் பெட்டிப் பலகையும் இரும்புக் கம்பியும் வைத்துக் கூண்டு கட்டினோம். ஒடிந்த ஸ்பிரிங்குக்கு லொறி ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை வெட்டிச் சேர்த்தோம். ஃபேன் பெல்ட் ஸ்டோர் மெஷினின் பழைய பெல்ட்டில் அறுத்தது. சைலன்சர் ஓட்டைக்குப் பால் டின். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி கோதுமை மா. எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வரவில்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்டால் "இல்லை" என்று பதில் வரவே மாதக்கணக்காகும். அதனால் ஜீப்பில் ஜீப் குறைந்துகொண்டே வந்தது, தோட்டம் கூடிக்கொண்டே வந்தது.

அந்த வண்டிக்கு ஒரே வேலைதான், ஆனால் பெரிய வேலை. கீழ் டிவிஷனில் பறிக்கிற கொழுந்தை டிரெய்லரில் ஏற்றி, மேலே ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். வேறு வண்டி அந்த ரோட்டில் இறங்காது. ஜீப் வருவதற்கு முன்னால் பெண்கள்தான் மூட்டையைத் தலையில் வைத்து அந்த ஏற்றம் முழுக்க ஏறினார்கள். நாள் முழுக்கப் பறித்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த ஏற்றம். அந்தக் காலத்தில் சுமந்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மா. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. யாரையாவது நேராகப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்புவாள்.

கழுத்துத்தான் சாய்ந்ததே தவிர வாய் சாயவில்லை. புருஷன் செத்து, ரெண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நின்றவள். யாரிடமும் ஒரு பிடி அரிசி கைமாற்று வாங்கமாட்டாள். எந்த வீட்டு விசேஷத்துக்கும் வெறுங்கையோடு போகமாட்டாள். ஜீப் அவளைக் கடந்தால் எனக்கு ஏதாவது விழும். "டிரைவர் தம்பி, பையப் போ! வண்டிய விட ஒன் மீசை முந்திப் போகுது!" என்பாள். மலை முழுக்கச் சிரிக்கும்.

இனி எங்கள் பாஸைச் சொல்கிறேன். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் சவரிமுத்து பாஸ், தோட்டத்து கராஜுக்குப் பெரியவர். வேலை தொடங்குமுன் ஒரு கோணிச்சாக்கை விரிப்பார். கழற்றுகிற ஆணியெல்லாம் கழற்றின வரிசையிலேயே அதில் படுக்கும். திரும்பப் பூட்டும்போது வாலிலிருந்து தலைக்கு வருவார். சாக்கைத் தாண்டி யாராவது நடந்தால் போச்சு. திட்டமாட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் வெளியே போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரைக்கும் அதே மரியாதைதான்.

பேச்சு ரொம்பக் கம்மி. பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுக்கிற நாளில் மூன்றே வார்த்தைதான். அவர் வண்டிக்கடியில் படுத்திருப்பார். நான் பெடலில் காலை வைத்திருப்பேன். "அமுக்கு" என்பார். "புடி" என்பார். சக்கரத்துப் பக்கம் சின்ன ஆணியைத் தளர்த்துவார். ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடிப் போத்தலுக்குள் எண்ணெய் குமிழி குமிழியாக வரும். ஆணியை இறுக்கிவிட்டு "விடு" என்பார். குமிழி நிற்கும்வரை இதேதான். கராஜ் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருக்கும், கீழேயிருந்து அமுக்கு, புடி, விடு. ஜெபமாலை உருட்டுகிற மாதிரி இருக்கும். எத்தனையோ தடவை பெடலில் கால் வைத்தபடியே நான் தூங்கிப் போயிருக்கிறேன்.

அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. பிரேக்கைத் தொட்டவன் முதல் இறக்கத்தில் முன் சீட்டில் உட்கார வேண்டும். வண்டி ஓட்டுகிறவன் நான். பக்கத்துச் சீட்டில் அவன். இரண்டு கையும் மடியில் இருக்க வேண்டும். எதையும் பிடிக்கக் கூடாது. எங்கள் ஜீப்பில் அந்தச் சீட்டு வலது பக்கம், பள்ளத்துப் பக்கம். கதவும் இல்லை. பாஸே ஒவ்வொரு தடவையும் சிலை மாதிரி உட்கார்ந்து வருவார். ஒருமுறை ஸ்டோர் ஆசாரி ஒரு ஆணியை எடுத்துக் கொடுத்த பாவத்துக்கு, "நீயும் தொட்ட, ஏறு" என்று அவரையும் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஆசாரி கராஜ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"ஐயோ, மாப்பிள்ளை ஊர்வலம் வருது! ஆரத்தி எடுங்கடி!" என்று பேச்சியம்மா கத்துவாள். பாஸ் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

பிரேக் எண்ணெய்க் கதை இதுதான். கடையில் விற்கிற எண்ணெய் நின்றதும் பாஸ் தானே செய்தார். விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஸ்பிரிட் ஒரு பங்கு. இரண்டும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடைத்தன. பிள்ளைகளுக்கு வயிறு கழுவக் கொடுக்கிற அதே விளக்கெண்ணெய்தான். இரண்டையும் போத்தலில் ஊற்றிக் குலுக்கி, கராஜ் அரைச்சுவரில் வெயிலில் வைப்பார். உச்சி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கலங்கல் இருந்தால் கொட்டிவிடுவார். தெளிவாக இருந்தால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவார். வண்டி நன்றாகவே நின்றது. பிரேக் போட்டால் ஆஸ்பத்திரி வாசம் வரும், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே விளக்கெண்ணெய் தீர்ந்துபோனது. லுணுகலைக் கடைகளிலும் இல்லை. ஜீப்பின் பிரேக் பைப் ஒன்று வெடித்து எண்ணெய் முழுக்கப் போயிருந்த நேரம். கீழ் டிவிஷன் பெண்களே ஒரு வழி பண்ணினார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு விளக்குக்கு எண்ணெய் வாங்குவார்களே, அதே மாதிரி ஒரு டின்னை லயத்துக் கோடியில் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைக்கென்று கொஞ்சம் விளக்கெண்ணெய் ஒளித்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒருத்தி ஒரு கரண்டி, இன்னொருத்தி அரைக் கரண்டி. "வண்டி ஓடட்டும் சாமி" என்று கும்பிட்டு ஊற்றினார்கள்.

டின்னை எடுத்துப் போக நானும் பாஸும் நின்றபோது, கடைசியாக பேச்சியம்மா வந்தாள். முந்தானையால் மூடிய ஒரு டம்ளர். நிறைய இருந்தது. மளமளவென்று ஊற்றிவிட்டு, "என்னா பாக்குற? எங்க வீட்லயும் எண்ணெய் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வேறு கிண்டல் எதுவும் பண்ணவில்லை. நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

பாஸ் ஸ்பிரிட் கலந்தார், குலுக்கினார், வெயிலில் வைத்தார். நல்ல வெயில் நாள். கண்ணாடி மாதிரித் தெளிவு. பைப்பை ஒட்டவைத்து, காற்றெடுத்து, மத்தியானமே இறங்கிப் பார்த்தோம். பாஸ் முன் சீட்டில், கை மடியில். கோயில் முடக்கில், அதாவது அந்த ரோட்டின் மோசமான வளைவில், வண்டி பூப்போல நின்றது.

மார்கழி வந்தது. ஒரு காலை, பனி இன்னும் தேயிலைமேல் படுத்திருக்கும்போதே வெறும் டிரெய்லரோடு கீழே இறங்கினேன். கோயில் முடக்கில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது. இறங்கவே இல்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவசரமில்லாமல், ஏதோ கனவில் போகிற மாதிரித்தான் போனது. மலைப்பக்கத்து மண்ணணையில் ஸ்டியரிங்கை ஒடித்து மோதினேன். டிரெய்லர் தேயிலைக்குள் கவிழ்ந்தது. என் முழங்கால் வீங்கியது.

மத்தியானம் தொரை வந்து தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி அழகாக நின்றது.

"என்னா டிரைவர்? காலைல தூக்கமா, இல்ல ராத்திரி போட்டது இறங்கலியா?" என்றார்.

நான் குடிப்பவன் அல்ல. எனக்கு வந்த ஆத்திரத்தில் தொரை என்றுகூடப் பார்க்காமல் வாயைத் திறந்தேன். பாஸ் என் காலை மிதித்தார். மறுநாள் காலை பாஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மெதுவாகத்தான் போனேன், அதனால் தப்பினோம். அதே கல் பெடல். வெயில் ஏறினதும் திரும்ப நல்ல பிரேக். இப்படி ஒரு வியாதியை பாஸ் தன் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை என்றார்.

தொரை முடிவு பண்ணிவிட்டார். பொங்கலோடு ஜீப் பழைய இரும்புக்கு. கொழுந்து பழையபடி தலையில். நான் தேயிலை மலையில் கூலி வேலைக்கு. அன்று மாலை லயத்துப் பக்கம் போனேன். பெண்கள் பழைய துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தார்கள், தலையில் மூட்டைக்கு அடியில் வைக்க. பேச்சியம்மா தன் சும்மாட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

விடிந்தது தெரியாமல் தூங்கியிருக்கிறேன். எழுந்து முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்த்தேன். வரவில்லை. தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து நின்றது. மலைநாட்டில் குளிர் காலத்தில் தினம் நடக்கிறதுதானே. அடுப்போரம் வைத்தால் இளகும். பத்து மணி வெயிலில் தானாகவே இளகும். போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டுக்காரி, "என்னங்க, எண்ணெய்கிட்ட பேசிக்கிட்டு நிக்கிறீங்களா?" என்றாள். சட்டைகூடப் போடாமல் கராஜுக்கு ஓடினேன்.

கலந்து மீந்திருந்த பிரேக் எண்ணெய் ஒரு போத்தலில் அலமாரிக்குள் இருந்தது. இரவுக் குளிரில் இருக்கட்டும் என்று பாஸ் அதை அரைச்சுவரில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். மேலே தெளிவு. அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளை. அதுதான் விடிகாலையில் எங்கள் பிரேக் பைப்புக்குள் அடைத்துக்கொண்டு நின்றது.

டின்னில் யாரோ தேங்காயெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "யாருன்னு இப்பவே லயத்துல போய்க் கேக்குறேன். என் உசுரு போயிருக்கும் பாஸ்!" என்றேன்.

பாஸ் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "வீட்ல ஒண்ணுமில்லாதவ, எல்லாருக்கும் முன்னால கைய நீட்டிக் குடுத்திருக்கா. அவளப் பெரட்டுல நிக்க வச்சிக் கேக்கப் போறியா? கேளு. கேட்டுட்டு இந்தப் பக்கம் வராத."

நான் லயத்துக்குப் போகவில்லை. அவர் தொரையிடம் போனார். யார் ஊற்றியது என்று தொரை கேட்டாராம். "கலந்தது நான். குளுருக்கு ஆகாத எண்ணெய் தொரை. மாத்திட்டா நிக்கும். ஒரு காலை நேரம் குடுங்க" என்றாராம். தொரை ஒரே ஒரு காலை நேரம் கொடுத்தார். நல்ல குளிரில், காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டு நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் இறங்கிக் காட்ட வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கே ஜீப்பை இரும்புக்கு லொறியில் ஏற்றிவிடுவேன் என்றார்.

பாஸ் பஸ் ஏறி மொனராகலைக்குப் போய், ஒரு நாட்டு மருந்துக் கடையில் நல்ல விளக்கெண்ணெய் பிடித்துக்கொண்டு வந்தார். சிலிண்டர், பைப் எல்லாவற்றையும் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவினோம். ஊறிப் பெருத்திருந்த ரப்பர் கப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் தேடியெடுத்த பழைய கப்பைப் போட்டோம். அமுக்கு, புடி, விடு. அந்த முறை எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றை மறந்துவிட்டோம். அந்த வெள்ளைப் போத்தல் அரைச்சுவரிலேயே இருந்தது. பெரட்டுக்கும் மலைக்கும் போகிற பெண்கள் அந்தச் சுவரோரம்தான் நடக்க வேண்டும். குளிரில் எந்த எண்ணெய் வெள்ளையாகும் என்று மலைநாட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அந்தக் காலையை எப்படிச் சொல்வேன்? பனி அப்படி இறங்கியிருந்தது. பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குக் கால் தெரியவில்லை. கம்பளிக்குள் முகங்கள் மட்டும் மிதந்தன. தொரை தொப்பியோடு ஒரு ஓரத்தில் நின்றார். ஜீப் சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டு நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். பாஸ் சிலுவை போட்டுக்கொண்டு முன் சீட்டுக்கு வந்தார்.

பனிக்குள்ளிருந்து பேச்சியம்மா வந்தாள். கம்பளி இல்லை. சாய்ந்த கழுத்தோடு நேராக வண்டிக்கு வந்து நின்றாள்.

"பாஸ், தள்ளுங்க" என்றாள்.

பாஸ் நகரவில்லை. "நீ ஏன்?"

"தொட்டவங்கதானே ஒக்காரணும்?"

பாஸ் அவளையே பார்த்தார். பிறகு ஒரு அடி பின்னால் போனார். அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பள்ளம். பனியில் பள்ளம் தெரியவில்லை, அதுவே நல்லது.

"கைய எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

"மடியில" என்றார் பாஸ். சொல்லிவிட்டு அவர் பின்னால் கூண்டில் ஏறி நின்றார். அவரும் கம்பியைப் பிடிக்கவில்லை.

வண்டியை விட்டேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் முதல் வளைவிலேயே போய்விட்டது. மிச்சமிருந்தது பயம் மட்டும்தான், அதுவும் எனக்காக அல்ல. அந்த ரெண்டு பெண்பிள்ளைகளும் பெரட்டுக் களத்தில் நிற்கிறார்கள். கோயில் மணிச் சத்தம் பனிக்குள் எங்கேயோ தொங்கியது. கோயில் முடக்கு வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாதவள், பள்ளத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மிதித்தேன். பெடல் மெத்தென்று இறங்கியது. சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி நின்றது.

எஞ்சினை அணைத்தேன். எங்கும் சொட்டு விழுகிற சத்தம்தான்.

"எங்க வீட்ல அன்னைக்கு அது மட்டுந்தான் இருந்துச்சு" என்றாள் பேச்சியம்மா.

"தெரியும்" என்றார் பாஸ் பின்னாலிருந்து. "டம்ளர் நெறையா இருந்துச்சே, அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "வண்டிக்குத்தான் ஆகாது பேச்சி. டிரைவர் மீசைக்கு வச்சிருந்தா நல்லா மின்னியிருக்கும்" என்றார்.

அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பேச்சியம்மா சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி, கொஞ்ச நேரம் அழுதாள். கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"கைய எடுக்கலாம் அக்கா, வண்டி நின்னுருச்சு" என்றேன்.

அன்று மாலை கீழ் டிவிஷன் கொழுந்து முழுக்க டிரெய்லரில்தான் மேலே போனது. ஏற்றத்தில் பெண்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு, வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் கடந்து போகும்போது பேச்சியம்மா உடம்பைத் திருப்பி, "பையப் போ, டிரைவர் தம்பி!" என்று கத்தினாள். சும்மாட்டுத் துணியை உதறித் தலையில் முக்காடாகப் போட்டிருந்தாள்.